எடுத்து வளர்க்கும் நாய்க்குச் சுகமில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேடும் வழி

மட்டக்களப்பில் எங்கள் பக்கம் குட்டியாகக் கொண்டுவந்து வளர்த்த நாய்களைவிட, பெரிதான பிறகு வீடு தேடி வந்த நாய்களே அதிகம். கனடாவுக்கோ சுவிஸுக்கோ போன குடும்பம் விட்டுப்போனது ஒன்று. கல்லடிக் கடற்கரையில் மீன்தலை தின்று வளர்ந்தது இன்னொன்று. மாரி வெள்ளத்துக்கு விறாந்தையில் ஏறிப் படுத்துவிட்டு, தண்ணீர் வற்றிய பிறகும் இறங்க மறுத்தது மற்றொன்று. இவற்றின் முன்கதை யாருக்கும் தெரியாது. தடுப்பூசி போட்டதா, முன்பு உண்ணிக் காய்ச்சல் வந்ததா, எந்தக் கால் எப்போது முறிந்தது, எதுவும் தெரியாது. அதனால் ஒரு நாள் படுத்துவிட்டால் எங்கே தொடங்குவது என்று வீட்டுக்காரர் திகைத்துப் போகிறார்கள்.

அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் நாயின் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். செலவில்லாத காரணம் முதலில் வரும், காசு தின்னும் காரணம் கடைசியில். "உடனே" என்று வரும் இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டு ஓட்டோவுக்கு அழையுங்கள்.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் பார்க்க வேண்டியவை

மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். வெள்ளையாக, மஞ்சளாக, நீலமாக அல்லது செங்கல் நிறமாக இருந்தால் அன்றைக்கே மிருக வைத்தியர். பிறவியிலேயே முரசு கறுத்த நாய் என்றால் கண்ணின் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நாய் நல்ல சுகமாக இருக்கும்போதே ஒரு தடவை பார்த்து நிறத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. வருத்தம் வந்த பிறகு, முன்பு எப்படி இருந்தது என்று நினைவு வராது.

அடுத்தது சூடு. மூக்கு உலர்ந்திருக்கிறது, காது சுடுகிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பாமசியில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி நாய்க்கென்று ஒதுக்குங்கள். நுனியில் கொஞ்சம் வாசலின் பூசி, மலவாசலில் ஒரு அங்குலம் வைத்தால் போதும். 101 முதல் 102.5 பாகை பரனைட் வரை நாய்க்குச் சாதாரணம். நம் கணக்கில் அது காய்ச்சல், நாய்க்கு இல்லை. 103ஐத் தாண்டினால் கவனம். 104 என்றால் அன்றைக்கே வைத்தியர். 99க்குக் கீழே இறங்கினால் அது காய்ச்சலைவிடப் பயங்கரம்.

மூன்றாவது மூச்சு. தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது.

இந்த மூன்றையும் ஒரு தாளில் நேரத்தோடு எழுதி வையுங்கள். வைத்தியர் கேட்கப் போவது இதைத்தான். "ஒரு மாதிரி இருக்குது டொக்டர்" என்பதைக் கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டு மருந்துப் பெட்டியை மூடி வையுங்கள்

பனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கும், இரத்தத்தையும் கெடுக்கும். பூனைக்கு ஒரு குளிசையே எமன். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்ற நோ மாத்திரைகள் குடலில் புண் ஆக்கி, சிறுநீரகத்தை முடக்கும். காய்ச்சல் நாய்க்குப் பனடோல் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் வைத்தியரிடம் கொண்டு போனால், அவருக்கு இரண்டு வருத்தம் பார்க்கிற வேலை. முன்பே ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கேற்பத்தான் ஊசி தெரிவு செய்வார்.

நேரக் கணக்கும் முக்கியம். அரச மிருக வைத்திய அலுவலகங்களில் ஆடு மாடு பார்ப்பதுதான் பெரும்பாலும் வேலை. வைத்தியர் ஊருக்குள் களவேலைக்குப் போயிருக்கலாம், மாலையானால் அலுவலகம் பூட்டிவிடும். எனவே காலையில் சந்தேகம் வந்தால் பின்னேரம் வரை "பாப்பம்" என்று இழுக்காதீர்கள். தனியார் வைத்தியர் இருவரின் இலக்கத்தையாவது நாய் நன்றாக இருக்கும்போதே கைபேசியில் போட்டு வையுங்கள். படுவான்கரையில் இருப்பவர்கள் வாவியைக் கடந்து வரும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சாப்பிடவில்லை, சுருண்டு படுத்துக் கிடக்கிறது

*வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குள் என்றால்:* பெரும்பாலும் பயமும் ஏக்கமும்தான். முரசு சிவப்பு, சூடு சரி, தண்ணீர் குடிக்கிறது என்றால் ஒரு நாள் பொறுங்கள். சோறும் அவித்த மீனும் முள் எடுத்து, உப்பு, தூள், வெங்காயம் போடாமல் வையுங்கள். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குழம்பு மிச்சத்தில் அதுதான் நிறைய இருக்கும்.

*சாப்பிட ஆசையாக வருகிறது, வாயில் வைத்ததும் விடுகிறது என்றால்:* பல், அல்லது வாயில் சிக்கிய எலும்பு. ஆனால் கீழ்த்தாடை தொங்கி எச்சில் வடிகிறது என்றால் கை வைக்க வேண்டாம். கீழே "வாய் மூட முடியவில்லை" என்ற தலைப்பைப் பாருங்கள்.

*103க்கு மேல் சூடு என்றால்:* எங்கள் பகுதியில் முதலில் உண்ணிக் காய்ச்சலைத்தான் சந்தேகிக்க வேண்டும். காதுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்துப்பட்டியின் கீழ், முன்கால் கக்கத்தில் விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி ஒன்றும் அகப்படவில்லை என்பதற்காக உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. கடித்துவிட்டு விழுந்துபோன உண்ணியால் இரண்டு மூன்று கிழமை கழித்தும் காய்ச்சல் வரும். முன்பே தொற்றி உடம்புக்குள் அடங்கிக் கிடந்தது, நாய் பலவீனமான நேரம் மாதங்கள் கழித்தும் தலைதூக்கும். எடுத்து வளர்க்கும் நாய்களில் இதுதான் அடிக்கடி நடப்பது.

காய்ச்சலோடு மூக்கில் இரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் எர்லிக்கியா என்ற கிருமியை நினைக்கலாம். முரசு வெளிறி, சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் பபேசியா என்ற இன்னொரு கிருமி. இரண்டும் ஒரே உண்ணிக் கூட்டத்தில் இருந்து சேர்ந்தே வரவும் கூடும். வீட்டில் இருந்து இதைப் பிரித்தறிய முடியாது. இரத்தப் பரிசோதனை வேண்டும். குறைந்தது இரத்தத் துளியைக் கண்ணாடியில் பூசிப் பார்ப்பதும், தட்டணுக்களை எண்ணுவதும். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு.

எர்லிக்கியாவுக்கு வழக்கமாக டொக்சிசைக்ளின் குளிசை கொடுப்பார்கள், ஏறத்தாழ 28 நாள். இரண்டு மூன்று நாளிலேயே நாய் எழுந்து வாலாட்டும். அப்போது குளிசையை நிறுத்திவிடுகிற வீடுகள்தான் ஓரிரு மாதத்தில் திரும்பவும் வருகின்றன. குளிசையை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், கொடுத்த பின் தண்ணீர் குடிக்க வையுங்கள், தொண்டையில் ஒட்டினால் புண் ஆகும். பபேசியாவுக்கு ஊசியும் செலவும் கூட. முரசு தாள் போல வெளுத்துவிட்டால் இரத்தம் ஏற்ற வேண்டியும் வரும், அதற்குள் கொண்டு போங்கள்.

வைத்தியம் நடக்கும்போதே உண்ணியை ஒழிக்காவிட்டால் எல்லாம் வீண். கபில நிற நாய் உண்ணி புல்லில் மட்டும் இருப்பதில்லை. சுவர் ஏறும், சீமெந்து வெடிப்பிலும் கூரை மூலையிலும் முட்டையிடும். ஒரு பெட்டை உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். நாயைக் குளிப்பாட்டிவிட்டு அதே சாக்கில் படுக்க விட்டால் மறுநாளே பழைய கதை. படுக்கையைக் கொதிநீரில் போடுங்கள் அல்லது எரியுங்கள், சுவர் வெடிப்புகளைப் பூசுங்கள். நாய்க்கு வாயால் கொடுக்கும் உண்ணிக் குளிசைகள் இப்போது கிடைக்கின்றன. மாதத்துக்கு ஒன்று, அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. விலை உறைக்கும், ஆனாலும் ஒரு உண்ணிக் காய்ச்சல் வைத்தியத்தோடு ஒப்பிட்டால் மலிவு. வலிப்பு வந்த நாய் என்றால் அதை வைத்தியரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். கையால் உண்ணி எடுப்பதென்றால் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம். நகத்தில் வைத்து நசுக்கவும் வேண்டாம்.

*வெள்ளத்துக்குப் பிறகு, கண்வெள்ளையும் முரசும் மஞ்சள் என்றால்:* எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியர். நாயின் சிறுநீரில் இருந்து மனிதருக்கும் தொற்றும். கையுறை போடாமல் கழுவ வேண்டாம், பிள்ளைகளை விலக்கி வையுங்கள்.

*கருத்தடை செய்யாத பெட்டை, பருவம் வந்து ஒன்றிரண்டு மாதம், தண்ணீர் அதிகம் குடிக்கிறது, பின்பக்கம் சீழ் அல்லது நாற்றம் என்றால்:* கர்ப்பப்பையில் சீழ். உடனே. சீழ் வெளியே வராமல் உள்ளேயே தேங்குவதும் உண்டு, அது இன்னும் மோசம். சத்திரசிகிச்சைதான் வழி. இந்த ஒரு வருத்தத்துக்காகவே பெட்டை நாய்க்குக் காலத்தோடு கருத்தடை செய்வது பெரிய மிச்சம்.

மூச்சு வாங்குகிறது, நாக்கு நீண்டு தொங்குகிறது

*ஓடி வந்து நிழலில் பத்து நிமிடத்தில் அடங்கினால்:* ஒன்றுமில்லை.

*அடங்கவில்லை, எச்சில் பசை போல், முரசு கடுஞ்சிவப்பு, தள்ளாடுகிறது என்றால்:* வெப்பத் தாக்கு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், தகரக் கூரையின் கீழ் கட்டி வைத்த நாய்க்குத்தான் இது அதிகம் வருகிறது. நிழல் காலையில் ஒரு பக்கம், பின்னேரம் மறுபக்கம். சங்கிலி மட்டும் நகர்வதில்லை. வைத்தியரிடம் ஓடுவதற்கு முதல் அந்த இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். கிணற்றுத் தண்ணீரை வயிறு, தொடை, நெஞ்சு என்று உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே விசிறி போடுங்கள். ஈரத் துவாயால் போர்த்தி விடாதீர்கள், அது சூட்டை உள்ளே பூட்டும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் சுவாசப்பையில் இறங்கும். சூடு 103க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வண்டியில் ஏற்றுங்கள். எழுந்து நின்றாலும் போக வேண்டும். சிறுநீரகமும் இரத்த உறைவும் கெடுவது அடுத்த நாள்தான் தெரியும்.

*வெயிலே இல்லை, இரவில் இருமல், சீக்கிரம் களைக்கிறது என்றால்:* வயதான நாயில் இதயம், அல்லது நுளம்பு பரப்பும், நூல் போன்ற இதயப் புழு. அவசரமில்லை, ஆனால் அந்தக் கிழமைக்குள் காட்டுங்கள். முரசு நீலம் என்றால் உடனே.

நொண்டுகிறது

முதலில் பாதம், அப்புறம்தான் மேலே. விரல் இடுக்கில் உண்ணி கொத்தாக இருக்கும். நெருஞ்சி முள், வாவிக்கரைச் சிப்பி வெட்டு, போத்தல் ஓடு, வளைந்து தசைக்குள் ஏறிய நகம் எல்லாம் அங்கேதான். நான்கு பாதமும் நக்கிக்கொண்டு வெயில் நேரத்தில் மட்டும் நொண்டினால் தார் வீதி சுட்டிருக்கும். புறங்கையை வீதியில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயையும் நடத்தாதீர்கள்.

பாதம் சுத்தமாக இருந்தால் விரலில் இருந்து மேலே மெல்ல அழுத்திக்கொண்டு போங்கள், மற்றக் காலோடு ஒப்பிட்டுக்கொண்டே. எங்கே திரும்பிப் பார்க்கிறதோ அங்கே. வலி லேசாக, கால் ஊன்றுகிறது என்றால் மூன்று நாள் ஓட விடாமல் வைத்திருங்கள்.

*இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு இன்னொரு கால், மூட்டு வீக்கம்:* மறுபடியும் உண்ணிக் காய்ச்சல் பக்கம் போங்கள். நொண்டலாக மட்டும் அது வெளிப்படுவதைப் பலர் கவனிப்பதில்லை.

*காலை எழும்பும்போது விறைப்பு, நடக்க நடக்கச் சரியாகிறது:* வயதும் பழைய முறிவும். நாய்க்கென்று உள்ள நோ மருந்தை வைத்தியர் எழுதுவார். நிறை குறைத்தால் பாதி சரி.

*கால் தொங்குகிறது, அல்லது பின்கால் இரண்டும் இழுபடுகிறது:* வாகனம் அடித்திருக்கலாம். உடனே. பலகையில் அல்லது கதவுத் துண்டில் படுக்க வைத்துத் தூக்குங்கள். எவ்வளவு அன்பான நாயும் வலியில் கடிக்கும், ஆகவே துணியால் வாயைச் சுற்றிக் கட்டுங்கள். சத்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சு முட்டும் நாய்க்கும் மட்டும் கட்டக்கூடாது.

சொறிகிறது, மயிர் கொட்டுகிறது

வாலடியில் மட்டும் என்றால் தெள்ளு. வெள்ளைத் துணியை விரித்து மயிரைச் சீவுங்கள். விழும் கறுப்புத் துகளில் தண்ணீர் விட்டால் சிவந்து கரைந்தால் அது தெள்ளின் எச்சம். காது விளிம்பு, முழங்கை, வயிறு என்று ஆரம்பித்து, வீட்டில் இருப்பவர்களுக்கும் கையில் அரிப்பு தொடங்கினால் பரவும் சொறி. முகத்திலும் முன்காலிலும் மொட்டையாகி, அரிப்பு அவ்வளவாக இல்லை என்றால் டெமோடெக்ஸ் என்ற பூச்சி. அது பரவாது, ஆனால் உடம்பு பலவீனம் என்பதைக் காட்டுகிறது. வட்ட வட்டமாக என்றால் படர்தாமரை.

செய்யக் கூடாதவை இரண்டு. கழிவு ஒயில் பூசுவது முதலாவது. நாய் அதை நக்கும், நஞ்சு குடலுக்குள் போகும், தோல் வெந்துபோகும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் கைக்கணக்கில் போடுவது இரண்டாவது. மாட்டின் நிறைக்குச் செய்த மருந்து அது, நாய்க்கு ஒரு துளி கூடினாலும் பார்வை போய், மயங்கி விழும். வைத்தியர் நிறை பார்த்துப் போடுவது வேறு விஷயம். மேலே சொன்ன உண்ணிக் குளிசைகள் சொறிப்பூச்சிக்கும் கேட்கும், ஒரு கல்லில் இரண்டு மாங்காய். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைத் தவிருங்கள், பூனைக்கு அது நஞ்சு.

தலையை உதறி, காதுக்குள் நாற்றம் என்றால் காதுத் தொற்று. பஞ்சு சுற்றிய குச்சியை விட வேண்டாம். காது மடல் பலூன் போல வீங்கினால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது, வைத்தியர் எடுத்து விடுவார்.

சத்தி, வயிற்றோட்டம்

ஒரு தடவை எடுத்துவிட்டு வழக்கம்போல் திரிந்தால் விட்டுவிடுங்கள். நாய் புல் தின்று சத்தி எடுப்பது உலக வழக்கம். இரண்டு மூன்று தடவை என்றால் அரை நாள் சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் குடிக்கும் உப்புத்தூள்) கரைத்ததை அது தானாக நக்கினால் நக்கட்டும், வாயைப் பிளந்து ஊற்ற வேண்டாம். பிறகு குழைந்த சோறும் அவித்த கோழியும் சிறிது.

*மலம் தார் போல் கறுப்பு, முரசு வெளிறல்:* கொக்கிப்புழு. குடற்புழு மருந்து மலிவுதான், ஆனால் நிறை பார்த்துக் கொடுக்க வேண்டும், இரண்டு மூன்று கிழமையில் திரும்பவும் கொடுக்க வேண்டும். இதன் குடம்பி மணலில் இருந்து மனிதரின் பாதத் தோலுக்குள்ளும் ஏறும். கடற்கரை மணலில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளுக்கு அரிக்கும் கோடு போல் வருவது இதனால்தான். மலத்தை அள்ளிப் புதையுங்கள்.

*மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு இரத்த வயிற்றோட்டம்:* பார்வோ என்ற வைரஸ் நோய். உடனே. குட்டிகளுக்குத்தான் அதிகம் என்றாலும் தடுப்பூசி போடாத பெரிய நாயையும் விடாது. சேலைன் இல்லாமல் தப்புவது கஷ்டம். அந்த வளவில் கிருமி பல மாதம் உயிரோடு கிடக்கும், சீமெந்துத் தரையை வெளுக்கும் குளோரின் கரைசலால் கழுவுங்கள். புது நாயைத் தடுப்பூசி முடியும் வரை கொண்டு வராதீர்கள்.

*வாயில் இருந்து தூண்டில் நூல் தொங்குகிறது:* இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். நூலைக் கழுத்துப்பட்டியில் கட்டிவிட்டுக் கொண்டு போங்கள். வைத்தியருக்குத் தூண்டில் ஊசி எங்கே என்று காட்டுவது அந்த நூல்தான்.

*சத்தி எடுக்க முக்குகிறது, ஒன்றும் வரவில்லை, வயிறு மேளம் போல் இறுகுகிறது:* இரைப்பை முறுக்கிக்கொண்டது. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களில் வரும். இதற்கு வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை, உடனே. மணிக்கணக்கு அல்ல, நிமிடக் கணக்கு.

நடுக்கம், நுரை, தள்ளாட்டம்

சந்தேகத்தின் வரிசை இடத்தைப் பொறுத்தது. வயல் பக்கம் என்றால் பூச்சிநாசினி: எச்சில் ஒழுகும், கண்பாவை ஊசிமுனை போல் சுருங்கும், தசை துடிக்கும். உடம்பில் பட்டிருந்தால் கையுறை போட்டுச் சவர்க்காரத்தால் கழுவிவிட்டு உடனே போங்கள், மாற்று மருந்து இருக்கிறது. போத்தலையோ லேபிளையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். புளித்தண்ணீர், உப்புத் தண்ணீர், தேங்காயெண்ணெய் என்று ஊற்றிச் சத்தி எடுக்க வைக்காதீர்கள். நடுங்கும் நாய்க்கு அது நேரே சுவாசப்பைக்குள் போகும்.

கடற்கரை என்றால் பேத்தை மீன். வலையில் பட்டதைக் கரையில் எறிந்துவிட்டுப் போவார்கள், நாய் தின்னும். முதலில் சத்தி, பிறகு கால் தளர்ந்து மூச்சு நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது. மூச்சைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம், ஆகவே ஓடுங்கள். கரையோரம் நடத்தும்போது கயிற்றை விடாதீர்கள்.

பற்றை, விறகுக் குவியல் என்றால் பாம்பு. முகமோ முன்காலோ வேகமாக வீங்கி இரத்தம் கசிந்தால் கண்ணாடி விரியன். கண் இமை தொங்கி உடம்பு தளர்ந்தால் நாகமோ கட்டுவிரியனோ. கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். நாயை நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். நச்சு முறிவு மருந்து எல்லா வைத்தியரிடமும் இருக்காது. வழியில் போகும்போதே மற்றவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு வரட்டும்.

எலிப்பாஷாணம் வேறு வகை. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு முதல் ஐந்து நாளில் மூக்கு, முரசு, மலம் என்று இரத்தம் வரும். தின்றதைப் பார்த்தீர்கள் என்றால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம், வைட்டமின் கே கொண்டு காப்பாற்றலாம்.

வாய் மூட முடியவில்லை, குரல் மாறிவிட்டது, காரணமில்லாமல் கடிக்கிறது

விசர் நோய் என்று எடுத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள், இல்லை என்று வைத்தியர் சொல்லும் வரை. விசர் நாய் எப்போதும் வெறிகொண்டு ஓடுவதில்லை. தாடை தொங்கி, விழுங்க முடியாமல், மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் அமைதியான வகையும் உண்டு. "தொண்டையில் எலும்பு சிக்கிப்போச்சு" என்று வாய்க்குள் கை விடுவது இந்த வகையில்தான். செய்யாதீர்கள். அறையில் பூட்டிவிட்டு வைத்தியருக்கும், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் அறிவியுங்கள்.

கடிபட்டாலோ, புண்ணில் எச்சில் பட்டாலோ சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்ப வேண்டாம். நாய் நல்ல மாதிரியாகத் தெரிந்தால் 10 முதல் 14 நாள் கட்டி வைத்துக் கவனிக்கச் சொல்வார்கள். கடித்த நாயை அடித்துக் கொன்று புதைத்துவிட்டால் அந்தக் கவனிப்பு இல்லாமல் போகும். நாய் இறந்துவிட்டால் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க முடியும். சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

எடுத்து வளர்க்கும் நாய்க்கு முதல் வேலை விசர் நோய்த் தடுப்பூசிதான். சுகாதாரப் பகுதியினர் இலவசமாகப் போடுகிறார்கள். ஆண்டுதோறும் போட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

புண், புழு, இரத்தம்

சிறு புண்ணை, கொதித்து ஆறிய அரை லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவலாம். நாய்க்கடி ஓட்டை சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே பை போல் கிழிந்திருக்கும், ஊசி மருந்து வேண்டும். புழு வைத்திருந்தால் பெற்றோலும் பூச்சி உருண்டைத் தூளும் போடாதீர்கள். வெளியே தெரியும் புழு சாகும், நாயும் நஞ்சு குடிக்கும். சாவணத்தால் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தால், அல்லது புண் கண், காது, மலவாசல் அருகே என்றால் மயக்கம் கொடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். நக்காமல் இருக்க, அடி வெட்டிய பிளாஸ்டிக் வாளியைக் கழுத்தில் மாட்டலாம்.

குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் இரத்தம், ஓயாத தும்மல் என்றால் அட்டை ஏறியிருக்கலாம். அம்பாறைக் குளக்கரைகளில் திரியும் நாய்களுக்கு வரக்கூடியது. மூக்கின் முன் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்தால் சில நேரம் எட்டிப் பார்க்கும். இல்லாவிட்டால் வைத்தியர்.

பிறப்புறுப்பில் பூக்கோவா போன்ற சதை, சொட்டுச் சொட்டாக இரத்தம் என்றால் பயந்துபோய் நாயைக் கைவிடாதீர்கள். தெருநாய்களில் புணர்ச்சியால் தொற்றும் கட்டி இது. கிழமைக்கு ஒரு ஊசி, நான்கு முதல் ஆறு தடவை, பெரும்பாலும் முற்றாகக் கரைந்துவிடும்.

ஓடிப்போகிறது

முதல் மாதம் நாய்க்கு இது தன் வீடு என்று தெரியாது. கதவு திறந்த உடனே போய்விடும். பட்டியை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். தலை மெலிந்த நாய் பின்வாங்கிக் கழற்றிவிடும், அதற்கு நெஞ்சுப்பட்டி நல்லது. பட்டியில் கைபேசி இலக்கத்தை அழியாத மையில் எழுதுங்கள். வெடிக்குப் பயந்த நாயைத் தீபாவளி, மாமாங்கத் தீர்த்தம் போன்ற நாட்களில் பின்னேரத்திலேயே உள்ளறையில் அடைத்து விசிறியைச் சத்தமாகப் போட்டு விடுங்கள். வெளியே சங்கிலியில் விட்டால் வேலியில் பாய்ந்து கழுத்து இறுகிச் சாகும். கடுவன் திரும்பத் திரும்பப் போனால் கருத்தடை செய்து பாருங்கள்.

எவ்வளவு தின்றாலும் மெலிவு

மேலே இருந்து பார்த்தால் இடுப்புத் தெரிவதும், விலாவைக் கையால் தடவினால் தட்டுப்படுவதும் நல்ல உடம்பு. பந்தயத்தில் இருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் நாய்களை வீட்டுக்கு எடுக்கும் நாடுகளில், கடைசி ஒன்றிரண்டு விலா கண்ணுக்குத் தெரிவதைக் குறையாக எடுப்பதில்லை. அந்தச் சாயல் நம் தெருநாய்களிலும் சிலவற்றுக்கு உண்டு. அதைத் தடிக்க வைக்கப் போய் மூட்டைக் கெடுக்காதீர்கள். முதுகெலும்பு, இடுப்பெலும்பு துருத்தினால்தான் மெலிவு. குடற்புழு மருந்து கொடுத்து, ஒரு மாதம் கிழமைக்கு ஒரு தடவை நிறை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் நிறையைக் கழித்தால் சரி. நிறை ஏறவில்லை, அல்லது தண்ணீர் குடிப்பது கூடியிருக்கிறது என்றால் இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கக் கேளுங்கள். பழைய உண்ணிக் காய்ச்சல், சிறுநீரகம், சர்க்கரை மூன்றும் அதில் தெரியவரும்.